எழுந்து நிற்காத டோமும் பக்கி தாத்தாவும்



போன சிம்போசியம் அன்னைக்கு மெயின் பிளாக் முன்னாடி புல்தரையில பிவிசி பைப் எல்லாம் வலை மாதிரி படுத்துக் கிடந்துச்சே, ஞாபகம் இருக்கா? நிறைய பேர் அதை ஷாமியானா போட வந்த சாமான்னு நினைச்சீங்க. ஒரு சார் வந்து ப்ளம்பிங் வேலை எப்ப முடியும்னு கேட்டார். அது ப்ளம்பிங் இல்லைங்க. ஃபைனல் இயர் பசங்க நாங்க நாலு பேரும் ஒரு ஜூனியரும் சேர்ந்து கட்ட நினைச்ச டோம். கடைசி வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.

அந்த வாரம் முழுக்க கேன்டீன் பக்கமே நான் போகலை. ரூம்ல உட்கார்ந்து, டோம் கட்டித் தோத்தவங்க உலகத்துல வேற யாராவது இருக்காங்களான்னு தேடினேன். ஒருத்தர் கிடைச்சார். அந்த டோமுக்கே பேர்போன மனுஷன். அவரோட கதையைத்தான் இப்போ உங்களுக்குச் சொல்லப் போறேன். ஏன் சொல்றேன்னு கடைசியில தெரியும்.

அவர் பெயர் ரிச்சர்ட் பக்மின்ஸ்டர் ஃபுல்லர். செல்லப் பெயர் பக்கி. நம்ம ஊர்ல பக்கின்னா திட்டு. அங்கே ஒரு தலைமுறை மாணவர்களே அவரை அப்படித்தான் அன்பாகக் கூப்பிட்டார்கள். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில ஃபுட்பால் மாதிரி இருக்கிற சி60 கார்பன் மூலக்கூறு படிச்சீங்களே, பக்மின்ஸ்டர்ஃபுல்லரீன், அதுக்கு வெச்ச பெயர் இவரோடதுதான்.

ரெண்டு தடவை துரத்தப்பட்ட மாணவன்

1895 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மில்டன் என்ற ஊரில் பக்கி பிறந்தார். சின்ன வயதிலேயே கண் பார்வை மிக மோசம். கண்ணாடி போடும் வரை அவருக்கு உலகம் வெறும் வண்ணத் திட்டுகள்தான். கிண்டர்கார்ட்டனில் ஒரு நாள் டீச்சர் எல்லாருக்கும் பல்குத்தும் குச்சியும் ஊறவைத்த பட்டாணியும் கொடுத்து வீடு கட்டச் சொன்னாராம். கண் நல்லா தெரிந்த மற்ற பிள்ளைகள் பார்த்துப் பழகிய சதுர வீடுகளைக் கட்டினார்கள். பக்கிக்குப் பார்த்த பழக்கம் இல்லை, கையால் தடவிப் பார்த்து எது ஆடாமல் நிற்கிறதோ அதைக் கட்டினார். வந்தது முக்கோணம். பிற்காலத்தில் அவரே திரும்பத் திரும்பச் சொன்ன கதை இது.

நீங்களும் செய்து பாருங்க. நாலு ஐஸ் குச்சியை முனையில் குண்டூசி குத்திச் சதுரமாக்குங்க. லேசாகத் தள்ளினாலே சாய்ந்துவிடும். மூணு குச்சியை அப்படிக் கோத்தால், குச்சி ஒடிஞ்சாதான் உண்டு, வடிவம் மாறாது. ட்ரஸ் ப்ராப்ளம் போடும்போது நம்ம எல்லாரும் எழுதுறது இதைத்தான்.

அவர் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஹார்வர்டில் படித்தவர்கள். 1913ல் பக்கியும் சேர்ந்தார். படிப்புக்கு வைத்திருந்த பணத்தை நியூயார்க் போய் நாடகக் குழுப் பெண்களுக்கு விருந்து வைத்தே காலி பண்ணினார். கல்லூரி வெளியே அனுப்பியது. குடும்பம் அவரைக் கனடாவில் ஒரு பஞ்சாலைக்கு வேலைக்கு அனுப்பியது. தண்டனையாகத்தான் அனுப்பினார்கள், ஆனால் அங்கேதான் அவர் இயந்திரங்களைப் பிரித்துக் கோக்கக் கற்றுக்கொண்டார். ஹார்வர்ட் இரக்கப்பட்டுத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. படிப்பில் அக்கறை இல்லை என்று மறுபடியும் அனுப்பியது. கடைசி வரை அவர் ஒரு டிகிரியும் முடிக்கவில்லை. பின்னாளில் நாற்பதுக்கும் மேற்பட்ட கௌரவ டாக்டர் பட்டங்கள் தேடி வந்தது வேற விஷயம். இதைப் படிச்சிட்டு யாரும் அரியரை அப்படியே விட்டுடாதீங்க. அவர் அடுத்து பட்ட பாட்டையும் பாருங்க.

மகளும் ஏரியும்

1917ல் ஆன் ஹ்யூலெட் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். முதல் உலகப் போரில் கடற்படையில் வேலை பார்த்தார். 1918ல் அலெக்ஸாண்ட்ரா பிறந்தாள். அந்தக் குழந்தைக்கு அடுத்தடுத்து நோய்கள். 1922ல் நாலு வயது நிறைவதற்கு முன்பே இறந்துபோனாள். தாங்கள் இருந்த ஈரமான, குளிர் ஏறும் மோசமான வீடும் ஒரு காரணம் என்று பக்கி நினைத்தார். நல்ல வீடு எல்லாருக்கும் மலிவாகக் கிடைக்கணும் என்ற பைத்தியம் அவரைப் பிடித்தது இங்கேதான்.

மாமனார் ஜேம்ஸ் மன்றோ ஹ்யூலெட் ஒரு கட்டடக் கலைஞர். இருவரும் சேர்ந்து நாரை அமுக்கிச் செய்த லேசான கட்டுமானக் கற்களுக்கு ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 1927ல் பக்கியை அந்தக் கம்பெனியில் இருந்தே வெளியே அனுப்பிவிட்டார்கள். அதே வருஷம் இரண்டாவது மகள் அலெக்ரா பிறந்தாள். வயது 32, கையில் காசில்லை, வேலை இல்லை. சிகாகோவில் மிச்சிகன் ஏரிக்கரையில் நின்று உயிரை விட்டுவிடலாமா என்று யோசித்ததாகவும், பிறகு தன் வாழ்க்கையையே ஒரு பரிசோதனையாக ஆக்கிப் பார்க்கலாம் என்று முடிவெடுத்துத் திரும்பியதாகவும் அவர் சொல்வார். அந்தக் கதை அப்படியே நடந்ததா என்று ஆய்வாளர்கள் சிலர் சந்தேகப்படுகிறார்கள். பக்கி தன் கதையைத் தானே செதுக்கிய ஆள். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

அதன் பிறகு வரிசையாகத் தோல்விகள்தான். 1929ல் டைமேக்ஷன் வீடு என்று ஒரு மாடலைக் காட்டினார். நடுவில் ஒரே ஒரு கம்பம், அதிலிருந்து கேபிளில் தொங்கும் அறுகோண வீடு. யாரும் கட்டவில்லை. 1933ல் மூன்று சக்கரக் கார். பின் சக்கரம்தான் திரும்பும். பார்க்க மீன் மாதிரி இருக்கும். அதற்குப் பிளாஸ்டர் மாடல்கள் செய்ய உதவியவர் அவருடைய நண்பர், சிற்பி இசாமு நொகுச்சி. அந்த ஆண்டே சிகாகோ உலகக் கண்காட்சிக்கு வெளியே ஒரு கார் விபத்தில் சிக்கி ஓட்டுநர் இறந்தார். முதலீட்டாளர்கள் ஓடிப்போனார்கள். மொத்தம் மூன்று கார்களோடு கதை முடிந்தது. இரண்டாம் உலகப் போர் முடியும் சமயம் விமானத் தொழிற்சாலையில் அலுமினிய வீடு செய்யும் திட்டம் வந்தது. மாதிரி வீடு செய்தார்கள், ஆர்டர்கள் குவிந்தன. பக்கி இன்னும் டிசைன் சரியாகவில்லை என்று இழுத்தார். அதுவும் போச்சு.

இப்படி ஒரு ரெஸ்யூமேவோட ஒருத்தர் நம்ம காலேஜுக்கு கெஸ்ட் லெக்சர் எடுக்க வந்தா நீங்க போவீங்களா? அட்டென்டன்ஸ் கொடுத்தாத்தான் போவோம்.

1948 கோடை: படுத்துக்கொண்ட டோம்

வட கரோலினா மலையில் பிளாக் மவுன்டன் காலேஜ் என்று ஒரு சின்னக் கல்லூரி இருந்தது. 1933ல் தொடங்கி 1957ல் மூடிவிட்டார்கள். ஓவியர் ஜோசஃப் ஆல்பர்ஸ் அங்கே பாடம் எடுத்தார். 1948 கோடை வகுப்புக்கு வரவேண்டிய ஒரு கட்டடக் கலைஞர் கடைசி நேரத்தில் வரமுடியாமல் போக, அவருக்குப் பதிலாக வந்தவர்தான் பக்கி. வயது 53. ஒரு ட்ரெய்லர் நிறைய விதவிதமான மாடல்களோடு வந்து இறங்கினார். அவற்றைக் கோத்து வைக்க உதவும்படி ஆல்பர்ஸ் ஒரு மாணவனை அனுப்பினார். பெயர் கென்னத் ஸ்னெல்சன், வயது 21. ஓவியம் படிக்க வந்த பையன்.

பக்கி பேச ஆரம்பித்தால் மணிக்கணக்கில் பேசுவார். அந்தக் கோடையில் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு 48 அடி விட்டத்தில் ஒரு டோம் கட்டுவது என்று முடிவு செய்தார். கையில் பணம் இல்லை. ஜன்னல் மறைப்புக்குப் போடுகிற வெனிஷியன் பிளைண்டின் உலோகப் பட்டைகளை வாங்கினார்கள். கணக்குப் போட்டு, அளந்து, குறியிட்டு, ஓட்டை போட்டு, எல்லாம் செய்தார்கள். ஒரு நாள் வயல்வெளியில் எல்லாரும் கூடினார்கள். மழை நாள் அது. பட்டைகளைக் கோத்து முடுக்கினார்கள். எழும் என்று காத்திருந்தார்கள்.

எழவில்லை. மூங்கில் தட்டியை மழையில் நனைச்ச மாதிரி தரையோடு தரையாகக் கிடந்தது.

காரணம் நமக்குத் தெரிஞ்சதுதான். மெல்லிய நீளமான பட்டையை அமுக்கினால் நசுங்காது, வளைந்து ஒதுங்கும். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல வர்ற ஆய்லர் ஃபார்முலா. நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் சுமை நாலில் ஒரு பங்காகிவிடும். அந்தப் பட்டைகளுக்கு 48 அடி ரொம்ப அதிகம். வேண்டுமென்றே குறைந்த பலத்தில் தொடங்கி, எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் தன் திட்டம் என்று பக்கி பின்னால் விளக்கம் கொடுத்தார். எங்க டோம் விழுந்தப்போ எங்களுக்கு இந்த விளக்கம் தோணாமப் போச்சு.

ஆனா அங்கே ஒரு விஷயம் நடந்தது. யாரும் கலைந்து போகவில்லை. படுத்துக் கிடந்த டோமுக்கு மல்லாந்த டோம் என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். அதே கோடையில் கல்லூரி நாடகத்தில் பக்கிக்கும் வேஷம் கொடுத்து மேடை ஏற்றினார்கள். அடுத்த கோடை, 1949ல், பக்கி திரும்பி வந்தார். இந்த முறை சின்ன டோம், அலுமினியக் குழாய்கள். நின்றது. பக்கியும் மாணவர்களும் அந்தச் சட்டத்தைப் பிடித்துக் குரங்கு மாதிரி தொங்குகிற போட்டோ ஒன்று உண்டு. அதுதான் அவர்களுடைய லோட் டெஸ்ட்.

ரெண்டு எக்ஸ், ஒரு நூல்

இனிமேல்தான் எனக்குத் தூக்கம் போன பகுதி.

1948 கோடை முடிந்து ஸ்னெல்சன் தன் ஊருக்குப் போனான். பக்கி சொன்ன விஷயங்கள் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தன. சின்னச் சின்னதாகச் சிற்பங்கள் செய்து பார்த்தான். அதில் ஒன்று, ப்ளைவுட்டில் வெட்டிய இரண்டு எக்ஸ் வடிவங்கள். ஒன்றுக்கு மேல் ஒன்று நிற்கும். ஆனால் ஒன்றை ஒன்று தொடாது. நடுவில் இருப்பது இழுத்துக் கட்டிய நைலான் நூல் மட்டும். பார்த்தால் மேலே இருக்கும் எக்ஸ் காற்றில் மிதப்பது போல இருக்கும்.

விஷயம் இதுதான். நம்ம வீட்டுச் சுவர் முழுக்க கம்ப்ரஷன். கல் மேல் கல். ஸ்னெல்சன் செய்ததில் கம்ப்ரஷன் எடுக்கும் கட்டைகள் தனித்தனித் தீவுகள். அவற்றைச் சுற்றி இடைவிடாமல் ஓடுவது டென்ஷன். நமக்கெல்லாம் டென்ஷன் வந்தா ஆளே காலி. அந்தச் சிற்பம் நிற்கிறதே டென்ஷன்லதான்.

1949 கோடையில் அதை பக்கியிடம் காட்டினான். பக்கி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். குருநாதர் கேட்கிறாரே என்று பையன் கொடுத்துவிட்டான்.

அதன் பிறகு பக்கி தன் உரைகளில் அந்த முறையைத் தன் கண்டுபிடிப்புகளில் ஒன்றாகக் காட்டத் தொடங்கினார். 1950களில் அதற்கு டென்செக்ரிட்டி என்று ஒரு பெயரும் வைத்தார். பல்கலைக்கழகங்களில் மாணவர்களைக் கொண்டு விதவிதமாகக் கட்டினார். ஸ்னெல்சன் பெயர் எங்கும் இல்லை. மனம் விட்டுப்போய் அவர் சில வருடங்கள் அந்தச் சிற்ப வேலையையே நிறுத்தினார்.

1959ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத் தோட்டத்தில் பக்கியின் மூன்று கட்டமைப்புகளை வைத்தார்கள். ஒன்று டென்செக்ரிட்டிக் கம்பம். ஸ்னெல்சன் அங்கே போய் இது என்னுடைய யோசனை என்று சொன்னார். அருங்காட்சியகம் கேட்டது, ஏற்றுக்கொண்டது, அவர் பெயரையும் அவர் சிற்பங்களையும் கண்காட்சியில் சேர்த்தது. பத்து வருஷம் ஆச்சு, ஒரு பெயர் போட.

அதற்குப் பிறகு ஸ்னெல்சன் முழுநேரச் சிற்பி ஆனார். 1968ல் அவர் செய்த நீடில் டவர் 60 அடி உயரம். வாஷிங்டனில் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் அலுமினியக் குழாய்கள் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சுருங்கிக்கொண்டே போகும். அது கட்டடமும் இல்லை, சிலையும் இல்லை. ரெண்டுக்கும் நடுவில் ஒன்று. 2016ல் அவர் இறந்தார்.

பக்கி பக்கத்தையும் சொல்லணும். கம்பத்தில் தொங்கும் வீடு வரைந்த நாளில் இருந்தே அவர் தலையில் இருந்தது டென்ஷன்தான். அவர் வராமல் இருந்திருந்தால் ஸ்னெல்சன் அந்த எக்ஸைச் செய்திருக்கவே மாட்டார். ஆனா விதை போட்டவர் வேற, காய்ச்ச மரம் வேற. ரெண்டுக்கும் தனித்தனியாப் பெயர் போட இடம் இருந்துச்சு. அவர் போடலை.

நின்ற டோம்கள்

1953ல் டியர்பார்னில் ஃபோர்டு கம்பெனியின் ரோட்டண்டா கட்டடத்துக்குக் கூரை வேண்டியிருந்தது. பழைய கட்டடம் கனமான கூரையைத் தாங்காது. பக்கி 93 அடி விட்டத்தில் லேசான அலுமினிய டோம் போட்டுக் கொடுத்தார். அவருக்கு முதல் பெரிய வெற்றி. அப்போது வயது 58. அடுத்த ஆண்டு ஜியோடெசிக் டோமுக்குக் காப்புரிமை கிடைத்தது. இதே வகை டோமை ஜெர்மனியின் யேனா நகரில் வால்டர் பவர்ஸ்ஃபெல்ட் 1920களிலேயே கோளரங்கத்துக்காகக் கட்டியிருந்தார் என்பதையும் சொல்லிடறேன்.

டோம்களுக்குக் குறையும் உண்டு. இத்தனை இணைப்பு இருந்தால் மழை ஒழுகத்தானே செய்யும். 1962ல் அந்த ரோட்டண்டா கூரையில் நீர்க்கசிவை அடைக்கும் வேலை நடந்தபோதுதான் தீப்பிடித்து மொத்தக் கட்டடமும் போனது. 1967 மான்ட்ரியல் கண்காட்சியில் ஷோஜி சடாவோவுடன் சேர்ந்து அவர் கட்டிய அமெரிக்க அரங்கம் 76 மீட்டர் விட்டம். 1976ல் தீயில் அதன் பிளாஸ்டிக் தோல் முழுக்க எரிந்தது. எஃகுச் சட்டம் மட்டும் அப்படியே நின்றது. இன்னைக்கும் நிற்குது, உள்ளே மியூசியம்.

1983 ஜூலை 1 அன்று லாஸ் ஏஞ்சலஸில், நினைவில்லாமல் கிடந்த மனைவி ஆனின் படுக்கை அருகே இருந்தபோது பக்கிக்கு மாரடைப்பு வந்து இறந்தார். சுமார் 36 மணி நேரத்தில் ஆனும் போய்விட்டார். கல்யாண நாளுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. அவர் கல்லறையில் ட்ரிம்டேப் என்ற சொல்லைப் பொறித்திருக்கிறார்கள். பெரிய கப்பலின் சுக்கான் ஓரத்தில் இருக்கும் சின்னத் தகடு அது. அந்தச் சின்னத் தகடு திரும்பினால் சுக்கான் திரும்பும், சுக்கான் திரும்பினால் கப்பல் திரும்பும்.

இப்போ நம்ம கதை

எங்க டோம் ஏன் எழலைன்னு சொல்றேன். 65 பைப்பையும் ஒரே நீளத்துக்கு வெட்டிட்டோம். ஒரு புள்ளியில ஆறு சமபக்க முக்கோணம் சேர்ந்தா ஆறு அறுபது 360. முழு வட்டம். தட்டையா படுத்துடும், குவியவே குவியாது. இதைக் கண்டுபிடிச்சது நாங்க நாலு பேர் இல்லை. எங்களோட இருந்த செகண்ட் இயர் பொண்ணு. புல்தரையில உட்கார்ந்து நோட்டுல கோணம் போட்டுக் காட்டினா. ரெண்டு நீளம் வேணும்னு சொன்னா. ஆரத்தை 0.546ஆல பெருக்கினா 30 பைப்போட நீளம், 0.618ஆல பெருக்கினா மீதி 35 பைப்போட நீளம். ஒன்றரை மீட்டர் ஆரத்துக்கு 82 சென்டிமீட்டர், 92.7 சென்டிமீட்டர்.

அதுக்கப்புறம் நாங்க ரிப்போர்ட் எழுதினோம். அவ போட்ட கணக்கை அப்படியே போட்டோம். போஸ்டர்ல பேர் நாலுதான். எங்க நாலு பேரோடது. இதை எழுதினது நான். ஜூனியர்தானே, அடுத்த வருஷம் அவளுக்கு வேற ப்ராஜெக்ட் கிடைக்கும்னு நினைச்சேன். அவ ஒண்ணும் கேட்கலை. நானும் மறந்துட்டேன். ஸ்னெல்சன் கதை படிக்கிற வரைக்கும்.

போய் சாரி சொன்னேன். ரிப்போர்ட்டைத் திருத்தி டிபார்ட்மென்ட்ல மறுபடியும் கொடுத்தாச்சு, முதல் பேர் அவளோடது. இங்கேயும் பேரைப் போடவான்னு கேட்டேன். மேகசின்ல வேணாம் அண்ணா, டோம் நிக்கட்டும், அதுல போடுங்கன்னு சொல்லிட்டா.

அதனால ஒரு கிளப் தொடங்கறோம். கட்டடமும் இல்லாம சிலையும் இல்லாம நடுவுல இருக்கிற பெரிய உருவங்களை நம்ம கையாலேயே கட்டறதுதான் வேலை. கிளப்புக்கு இன்னும் பேர் வைக்கலை. ரூல் மட்டும் ஒண்ணு வெச்சிருக்கோம். ஒரு லெட்ஜர் இருக்கும். யார் எந்த யோசனை சொன்னாலும் அன்னைக்கே தேதி போட்டு அவங்க பேரோட எழுதணும். ஃபர்ஸ்ட் இயர் சொன்னாலும், வொர்க்ஷாப் அண்ணா சொன்னாலும். கட்டி முடிச்சதும் அத்தனை பேரும் அந்த உருவத்துலயே ஒரு தகடுல இருக்கணும்.

முதல் வேலை, அதே டோம். பத்து அடி பைப் 22 போதும், பழைய பைப்ல நீளம் சரியா இருக்கிறதைத் திரும்ப எடுத்துக்கலாம். 26 இணைப்பு செய்யணும், அதுக்கு இன்னும் நல்ல வழி கிடைக்கலை. யாருக்காவது யோசனை இருந்தா வாங்க. சிவில்தான் வரணும்னு இல்லை, ஐடி, பயோடெக் யாரா இருந்தாலும் ஓகே. ஸ்பேனர் பிடிக்கத் தெரியலைன்னா கத்துக்கலாம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரை, வொர்க்ஷாப் பின்னாடி வேப்பமரத்தடி. நான் இன்னும் ஒரு செமஸ்டர்தான் இருப்பேன். லெட்ஜர் அவ கையில இருக்கும்.

வரும்போது ஆறு பென்சிலும் கொஞ்சம் ரப்பர் பேண்டும் எடுத்துட்டு வாங்க. ஒண்ணை ஒண்ணு தொடாம ஆறையும் நிக்க வைக்கலாம். எப்படின்னு அங்கே காட்டறோம்.